மென்பொருளிலிருந்து குவாண்ட் துறைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் மென்பொருள் எழுதிவிட்டு, பிறகு அளவுசார் நிதித்துறைக்கு, அதாவது குவாண்ட் வேலைக்கு மாறியவன் நான். அதே பாதையை யோசிக்கும் பொறியாளர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். சில விடைகள் நீளமாக இருக்கும். அவை பெரும்பாலும் நானே தடுமாறி விழுந்த இடங்கள்.

குவாண்ட் என்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

குவாண்ட் என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வேலைகள் நடமாடுகின்றன. சந்தைத் தரவைத் துருவி, விலை எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பதற்கான மெல்லிய அறிகுறிகளைத் தேடுபவர் ஆய்வாளர். எவ்வளவு வாங்குவது, எப்போது விற்பது, எந்த ரிஸ்க்கை ஏற்பது என்று முடிவெடுத்து, லாப நட்டத்துக்குப் பொறுப்பேற்பவர் டிரேடர். தரவைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் அமைப்பு, ஓர் உத்தியைப் பழைய தரவில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட்டை நடத்தும் எந்திரம், ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் நிரல் ஆகியவற்றைக் கட்டிப் பராமரிப்பவர் குவாண்ட் டெவலப்பர். நான்காமவர் வங்கிகளில் அதிகம் காணப்படும் மாடல் சரிபார்ப்பாளர். பிறர் எழுதிய மாடல் எந்தச் சூழ்நிலையில் பொய்க்கும் என்று தேடிக் கண்டுபிடிப்பதே அவருடைய தொழில்.

நிறுவனமும் வேலையின் தன்மையை மாற்றிவிடும். வங்கியில், ஒரு பங்கைக் குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ்களுக்கு, அதாவது இன்னொன்றின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் ஒப்பந்தங்களுக்கு, சரியான விலை எது என்பதே மையக் கேள்வி. பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிச் சந்தையில் முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டில் நாளைய விலை என்ன என்பது கேள்வி. சந்தையில் எந்நேரமும் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் அறிவித்து, இடையிலுள்ள வித்தியாசத்தில் பிழைக்கும் மார்க்கெட் மேக்கர் நிறுவனத்தில், அடுத்த நொடிக்குள் என்ன நடக்கும் என்பதே கேள்வி. எந்த நிறுவனம், எந்த வேலை என்று தெளிவாகாமல் தயாரிப்பைத் தொடங்குபவர்கள் தேவையில்லாத பாடங்களில் ஓராண்டைக் கரைத்துவிடுகிறார்கள்.

மென்பொருள் பொறியாளருக்கு எந்த வாசல் எளிது?

குவாண்ட் டெவலப்பர் வாசல்தான். பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். நிரல் எழுதுவதை விட்டு ஓடத்தானே வந்தோம் என்பது அவர்கள் மனக்குறை. ஆனால் ஆய்வாளர் வேலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கும்போது, இயற்பியலிலும் புள்ளியியலிலும் முனைவர் பட்டம் முடித்தவர்களோடு அவர்களுடைய களத்தில் மோத வேண்டியிருக்கும். டெவலப்பராக உள்ளே சென்றால், ஆய்வாளரின் அருகில் உட்கார்ந்து, அவர் எந்தக் கேள்வியைக் கேட்கிறார், எந்த விடையை நம்ப மறுக்கிறார் என்பதைச் சம்பளத்தோடு பார்த்துக் கற்கலாம். ஒன்றை மட்டும் சேரும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்: டெவலப்பர்கள் ஆய்வுக் குழுவோடு சேர்ந்து வேலை செய்கிறார்களா, அல்லது தனித் தளத்தில் டிக்கெட் முடித்துக்கொண்டிருக்கிறார்களா என்பதை. இரண்டாவது வகை நிறுவனத்தில் பத்து ஆண்டுகள் இருந்தாலும் சுவருக்கு அப்பால் நடப்பது காதில் விழாது.

என் மென்பொருள் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டா?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது.

நியூயார்க் பங்குச்சந்தையின் புதிய திட்டம் ஒன்றுக்காக அவர்கள் ஆர்டர் அனுப்பும் நிரலை மாற்றியிருந்தார்கள். அந்த நிரல் எட்டு சர்வர்களில் ஏற வேண்டும், ஏழில்தான் ஏறியது. எட்டாவது சர்வரில் 2003ஆம் ஆண்டிலிருந்தே பயன்படுத்தப்படாத பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் தூங்கிக்கொண்டிருந்தது. புதிய வசதியை இயக்க எடுத்துக்கொண்ட ஃபிளாகோ, ஒரு காலத்தில் அந்தப் பழைய நிரலை இயக்கிய அதே ஃபிளாக். சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் விழித்துக்கொண்டு, ஆர்டர் நிறைவேறியதா என்று கணக்கு வைக்காமலேயே மேலும் மேலும் ஆர்டர்களை அனுப்பியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்து முடிந்தன. நட்டம் 44 கோடி டாலர் அளவுக்குப் போனது. சந்தை திறக்கும் முன்பே, பிழை இருப்பதைக் குறிக்கும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றிருந்தன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில், கோளாறு புதிய நிரலில்தான் என்று எண்ணி, அது சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அதன் விளைவாக, அதுவரை ஒரு சர்வர் செய்துகொண்டிருந்த தவற்றை எட்டும் செய்யத் தொடங்கின.

இந்தக் கதையில் கணிதம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பயனற்ற நிரலை அழிக்காதது, ஃபிளாகை மறுபயன்பாடு செய்தது, டெப்ளாய்மென்ட்டை இன்னொருவர் சரிபார்க்காதது, ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் நிறுத்தும் வழி இல்லாதது ஆகிய அனைத்தும் நீங்கள் அன்றாடம் வாதாடும் விஷயங்கள். நேர்காணலில் உங்களைப் பாதிக் கணிதவியலாளராகக் காட்டிக்கொள்வதைவிட, இவற்றில் முழுத் தேர்ச்சி உள்ளவராகக் காட்டிக்கொள்வது நல்லது.

எவ்வளவு கணிதம் தெரிந்திருக்க வேண்டும்?

நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம் ஆகிய மூன்றும் கட்டாயம். மூன்றையும் கல்லூரிப் பாட அளவில், ஆனால் கல்லூரியில் படித்ததைவிட ஆழமாக அறிந்திருக்க வேண்டும். ரிக்ரெஷனை ஒரு லைப்ரரிக் கட்டளையாக மட்டும் அறிந்தவருக்கும், அதன் எடுகோள்கள் உடையும்போது விடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லக்கூடியவருக்கும் இடையிலுள்ள தூரமே இங்கு வேலை கிடைப்பதைத் தீர்மானிக்கிறது.

தற்செயலாக மாறிக்கொண்டே இருக்கும் அளவுகளைக் கையாளும் ஸ்டோகாஸ்டிக் நுண்கணிதம் என்ற பெயரைக் கேட்டே பலர் பின்வாங்குகிறார்கள். ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973இல் வெளியிட்ட ஆப்ஷன் விலைச் சூத்திரமும், அதே ஆண்டு ராபர்ட் மெர்ட்டன் அதை விரித்துரைத்த முறையும் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன. 1997இல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. டெரிவேட்டிவ் விலை கணிக்கும் குழுவுக்குப் போகிறவர்கள் அதைப் படித்தே தீர வேண்டும். பங்குகளின் போக்கைக் கணிக்கும் குழுவுக்குப் போகிறவர்கள் அதைப் பின்னால் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் நிகழ்தகவு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு சிறு சோதனை. ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து தலை-தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை-பூ விழ எத்தனை முறை? இரண்டு கோர்வைகளுக்கும் ஒரே வாய்ப்புத்தானே, விடையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கைகள் பரபரக்கும். விடைகள் முறையே 6, 4. ஏற்கெனவே ஒரு தலை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை-பூவுக்காகக் காத்திருப்பவருக்கு மீண்டும் தலை விழுந்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கையில் இன்னும் ஒரு தலை இருக்கிறது. தலை-தலைக்காகக் காத்திருப்பவருக்குப் பூ விழுந்தால் எல்லாம் முதலிலிருந்து. இதைத் தாளில் இரண்டு சமன்பாடுகளாக எழுதி ஐந்து நிமிடத்தில் முடிக்க முடிந்தால் உங்கள் அடித்தளம் போதுமானது. முடியாவிட்டால் மற்ற எதற்கும் முன்னால் இங்கிருந்து தொடங்குங்கள்.

முனைவர் பட்டமோ நிதிப் பொறியியல் முதுகலையோ தேவையா?

டெவலப்பர் வேலைக்குத் தேவையில்லை. ஆய்வாளர் வேலைக்கு முனைவர் பட்டம் பல நிறுவனங்களில் எழுதப்படாத எதிர்பார்ப்பு. ஜிம் சைமன்ஸ் 1982இல் தொடங்கிய ரெனசான்ஸ் டெக்னாலஜீஸ், நிதித்துறை ஆட்களைத் தவிர்த்துக் கணிதவியலாளர்களையும் இயற்பியலாளர்களையும் தேடி எடுத்துப் பெரும் வெற்றி கண்டது. அந்த முன்மாதிரியின் நிழல் இன்னும் துறையின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் வேலை மாறுவதற்காக மட்டும் நான்கைந்து ஆண்டுகள் முனைவர் பட்டத்தில் செலவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. முதுகலைப் படிப்பால் வரும் உண்மையான பயன் வளாக வேலைவாய்ப்பு. பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். சி.எஃப்.ஏ. சான்றிதழ் நிறுவனங்களின் நிதிநிலையை ஆராய்பவர்களுக்கானது. அதைக் குவாண்ட் நேர்காணலில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எந்த நிரல் மொழி கற்க வேண்டும்?

ஆய்வுக்குப் பைத்தான், வேகத்துக்கு சி பிளஸ் பிளஸ். பைத்தானின் பாண்டாஸ் லைப்ரரியே 2008இல் ஏ.க்யூ.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்தில் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கியதுதான் என்பதால், மென்பொருளாளர்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு கருவி இந்தத் துறையிலிருந்தே பிறந்தது எனலாம். ஜேன் ஸ்ட்ரீட் போல ஓகேம்ல் மொழியில் ஊன்றி நிற்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அதை உள்ளே போன பிறகு கற்றுக்கொள்ளலாம்.

கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோவினாடி ஆகிறது. அந்த 5 மைக்ரோவினாடியைச் சேமிக்கவே சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களைப் பங்குச்சந்தையின் தரவு மையத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அங்கு வேலைக்குப் போகிறவருக்குக் கேஷ் நினைவகம், நெட்வொர்க் கார்டு, இயங்குதளத்தின் உள்ளமைப்பு ஆகியவை மொழியைவிட முக்கியம்.

சிந்திக்கும் முறையில் எது மாற வேண்டும்?

மாற்றத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான். மென்பொருளில் டெஸ்ட் பச்சையாக வந்தால் நிரல் சரி, சிவப்பாக வந்தால் தவறு. சந்தையில் சரியான முடிவு நட்டத்தையும் தவறான முடிவு லாபத்தையும் தரும்; எது எதனால் வந்தது என்று தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

எண்களால் பார்த்தால் இதன் கடுமை புரியும். ஒரு முதலீட்டு உத்தியின் உபரி வருவாயின் சராசரியை அதன் திட்டவிலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது ஷார்ப் விகிதம். வில்லியம் ஷார்ப் 1966இல் முன்வைத்த அளவுகோல். ஆண்டுக்கு 1 என்ற ஷார்ப் விகிதம் கொண்ட உத்தி மதிக்கத்தக்கது. வருவாய் இயல்நிலைப் பரவலில் அமைகிறது என்று கொண்டால், அந்த நல்ல உத்தியே ஒரு நாளில் நட்டம் காட்ட ஏறத்தாழ 47 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரு மாதத்தில் 39 சதவீதம். ஓர் ஆண்டு முழுவதும் உழைத்து நட்டத்தில் முடிய 16 சதவீதம். அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று புள்ளியியல் வழக்கப்படி ஓரளவு துணிந்து சொல்லவே நான்கு ஆண்டுத் தரவு தேவை.

தினமும் காலையில் நாணயம் சுண்டியதுபோன்ற விடையைப் பார்த்துவிட்டு, மாலையில் எதையும் மாற்றாமல் வீட்டுக்குப் போவதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டும். பிழையைக் கண்டதும் திருத்தியே பழகிய பொறியாளரின் கை சும்மா இருக்காது. திருத்தத் தேவையில்லாததைத் திருத்தி, நன்றாக இருந்த உத்தியைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

வேலை தேடும்போது காட்ட என்ன புராஜெக்ட் செய்யலாம்?

பெரும்பாலானோர் விலைத் தரவைப் பதிவிறக்கி, ஒரு நியூரல் நெட்வொர்க்கில் ஊட்டி, மேல்நோக்கிப் போகும் வரைபடத்தை விண்ணப்பத்தோடு இணைக்கிறார்கள். தேர்வு செய்பவர் அதைப் பார்த்ததும் எழுப்பும் முதல் கேள்வி, பிழை எங்கே என்பதுதான்.

நான் எழுதிய முதல் பேக்டெஸ்ட் 6க்கு மேல் ஷார்ப் விகிதம் காட்டியது. இரண்டு நாள் தூக்கமில்லாமல், இந்த வேலையையே விட்டுவிட்டுச் சொந்தமாக வர்த்தகம் செய்யலாமா என்றுகூட யோசித்தேன். மூன்றாம் நாள் நிரலை வரிவரியாகப் படித்தபோது புரிந்தது: இன்றைய முடிவு விலையைக் கொண்டு அறிகுறியைக் கணக்கிட்டு, அந்த அறிகுறிப்படி இன்று காலையிலேயே வாங்கியதாக எழுதியிருந்தேன். மாலையில் தெரிய வேண்டியது என் நிரலுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. அறிகுறியை ஒரு நாள் தள்ளிவைக்கும் ஒரே வரியைச் சேர்த்தேன், விகிதம் 0.4க்கு இறங்கியது. வாங்கி விற்கும் செலவைக் கழித்த பிறகு எதுவும் மிஞ்சவில்லை.

இந்த வகைப் பொறிகள் இன்னும் உண்டு. இன்று பட்டியலில் இருக்கும் பங்குகளை மட்டும் எடுத்துப் பத்து ஆண்டு பின்னோக்கிச் சோதித்தால், இடையில் திவாலாகிக் காணாமல் போனவை கணக்கில் வராது. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்து மகிழ்வோம். ஒரே உத்தியின் 20 வடிவங்களை முயன்றால், அவற்றில் எதற்குமே உண்மையான பலன் இல்லாவிட்டாலும், முயற்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், 5 சதவீத எல்லையில் ஒன்றாவது வெற்றிபோலத் தோன்ற 64 சதவீத வாய்ப்பு உண்டு.

ஆகவே என் பரிந்துரை, சிறிய, பலரும் அறிந்த ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதை எத்தனை முறை முயன்றீர்கள், எந்தச் செலவைக் கழித்தீர்கள், எந்தக் கட்டத்தில் அது உடைந்தது என்பதை நேர்மையாக எழுதுங்கள். தோற்றுப்போன உத்தியைச் சுத்தமாக ஆராய்ந்த நான்கு பக்கங்களை, ஜெயித்ததாகச் சொல்லும் நாற்பது பக்கங்களைவிட அதிகமாக மதிப்பார்கள்.

நேர்காணல் எப்படி இருக்கும்?

டெவலப்பர் வேலையானால், நீங்கள் பழகிய அல்காரிதம் கேள்விகளும் அமைப்பு வடிவமைப்பும் இருக்கும். கூடவே ஒரு சுற்று நிகழ்தகவு. டிரேடர் வேலையானால் விளையாட்டுகள். ஒன்றைச் சொல்கிறேன். நேர்காணல் செய்பவர் இரண்டு பகடைகளை உருட்டி மூடி வைக்கிறார். அவற்றின் கூட்டுத்தொகைக்கு நீங்கள் வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்ல வேண்டும். சராசரி 7 என்பதால், 6க்கு வாங்குவேன், 8க்கு விற்பேன் என்கிறீர்கள். அவர் ஒரு பகடையை மட்டும் திறந்து தான் பார்த்துவிட்டு, 8க்கு வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். இப்போது உங்கள் புதிய விலை என்ன?

7ஐச் சுற்றியே மறுபடி விலை சொல்பவர் அந்த இடத்திலேயே வெளியேறிவிடுகிறார். பார்த்த எண்ணோடு மற்றப் பகடையின் சராசரியான 3.5ஐக் கூட்டினால் 8ஐத் தாண்ட வேண்டுமானால், அவர் பார்த்தது 5 அல்லது 6. எனவே கூட்டுத்தொகையின் சராசரி இப்போது 9. அதை நீங்கள் 8க்கு விற்றுவிட்டீர்கள். உங்களோடு வர்த்தகம் செய்ய ஒருவர் முன்வருவதே ஒரு செய்தி என்பதை உணர்கிறீர்களா என்றுதான் சோதிக்கிறார்கள். விடையை மட்டும் சொல்லாமல், யோசனையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது அவசியம்.

சம்பளம் உண்மையிலேயே அதிகமா?

உச்சத்தில் அதிகம், நடுவில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் அவ்வளவு இல்லை. பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பங்குகளாகக் கிடைப்பது இங்கே ஆண்டு இறுதி போனஸாக வரும். அது நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் குழுவின் லாபத்தையும் பொறுத்தது, சில ஆண்டுகளில் மிகவும் குறையவும் செய்யும். போனஸின் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிவைப்பதும் வழக்கம். கையெழுத்திடும் முன் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை எத்தனை மாதம், அந்த மாதங்களில் அடிப்படைச் சம்பளம் தருகிறார்களா என்ற இரண்டையும் எழுத்தில் பாருங்கள்.

வேலைப் பாதுகாப்பு எப்படி?

மாடல் நன்றாக இருந்தும் வேலை போகலாம். 2007 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், கணினி வழியே பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஃபண்டுகள் பல ஒரே சமயத்தில் பெரும் நட்டமடைந்தன. ஏதோ ஒரு பெரிய ஃபண்ட் அவசரமாகத் தன் பங்குகளை விற்கத் தொடங்க, ஏறத்தாழ அதே பங்குகளை வைத்திருந்த மற்றவர்களும் நட்டத்துக்கு அஞ்சி விற்க, ஒன்று மற்றொன்றை இழுத்துவிட்டது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வாரக் கடைசியில் விலைகள் பெரும்பாலும் திரும்பின. ஆனால் இடையில் பயந்து விற்றவர்களுக்கு அந்த மீட்சி கிட்டவில்லை. மற்றவர்களும் உங்களைப்போலவே யோசிக்கிறார்கள் என்ற ஆபத்தை எந்த பேக்டெஸ்ட்டும் முன்கூட்டிக் காட்டாது.

வயது முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது. தாமதமா?

டிரேடர் வேலைக்குத் தாமதம்தான். அங்கு கல்லூரியிலிருந்து நேராக எடுத்து வளர்ப்பார்கள். டெவலப்பருக்கும் மாடல் சரிபார்ப்பாளருக்கும் அனுபவம் ஒரு கூடுதல் தகுதி.

பழைய நிறுவனத்தில் எழுதிய நிரலைக் கொண்டுபோகலாமா?

ஒரு வரிகூடக் கூடாது. வர்த்தக நிரலைத் தன்னோடு எடுத்துச் சென்றதற்காக 2009இல் அமெரிக்காவில் ஒரு நிரலாளர் கைதுசெய்யப்பட்டு, பின்னர் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் 2012இல் அந்தத் தீர்ப்பு ரத்தானாலும், அதற்குள் அவர் ஏறத்தாழ ஓராண்டைச் சிறையில் கழித்திருந்தார். விலகும் நாளில் சொந்த மின்னஞ்சலுக்கு எதையும் அனுப்பாதீர்கள், சொந்தக் குறிப்பு என்று நீங்கள் நினைப்பதைக்கூட.

பிடிக்காவிட்டால் மென்பொருளுக்கே திரும்ப முடியுமா?

முடியும், டெவலப்பராக இருந்தவர்களுக்கு எளிதாகவே முடியும். போட்டித் தடை ஒப்பந்தங்கள் பொதுவாகப் பிற வர்த்தக நிறுவனங்களைத்தான் குறிக்கின்றன. மென்பொருள் நிறுவனத்தில் சேர அவை பெரும்பாலும் குறுக்கே நிற்பதில்லை. ஆய்வாளராகி, மூன்று நான்கு ஆண்டுகள் நோட்புக்கில் மட்டும் நிரல் எழுதியவர்களுக்குத்தான் திரும்பும்போது கொஞ்சம் துருப்பிடித்திருக்கும். என்னுடன் சேர்ந்தவர்களில் ஒருவர் இரண்டாம் ஆண்டிலேயே திரும்பினார். கூட்டம் கூட்டமாகப் பயனர்கள் பயன்படுத்தும் ஒன்றைக் கட்டுவதில் கிடைத்த மகிழ்ச்சி, யாருக்கும் காட்ட முடியாத நிரலை எழுதுவதில் அவருக்குக் கிடைக்கவில்லை.